மானியம் எங்கே கிடைக்கும்? எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் இரண்டு சித்தூர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், இன்னொன்று ஆந்திரத்துச் சித்தூர். கூடவே மறையூர், வண்டிப்பெரியார், நகரி, சத்தியவேடு, குப்பம். ஊருக்கு வேலை செய்கிறோம், பணம் யாரிடம் கேட்பது என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. வரிச் சலுகைப் பதிவுகளுக்கு 12ஏ, 80ஜி என்று பேச்சில் ஊறிவிட்ட பழைய எண்களையே இங்கே எழுதுகிறோம். விண்ணப்பிக்கும்போது புதிய எண் என்னவென்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். டிரஸ்ட் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. கையில் பத்திரமும் பான் கார்டும் மட்டும்தான். எந்தக் கம்பெனிக்கு எழுதலாம்?

இப்போதைக்கு எந்தக் கம்பெனிக்கும் எழுத வேண்டாம். எழுதினாலும் முதல் பதிலே "80ஜி இருக்கிறதா, சி.எஸ்.ஆர். எண் இருக்கிறதா" என்றுதான் வரும். (சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிடும் தொகை.) இல்லை என்றால் உங்கள் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து மறுபடி படியுங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, நோக்கங்கள். கல்வி என்று தெளிவாக இருக்கிறதா? இரண்டு, பயனாளிகள். "எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்காக" என்று ஒரு சாதியையோ மதத்தையோ குறித்து எழுதியிருந்தால் 80ஜி கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்றால் தடையில்லை. மூன்று, கலைப்பு விதி. டிரஸ்ட் கலைந்தால் சொத்து இதே மாதிரி நோக்கமுள்ள இன்னொரு தரும அமைப்புக்குப் போகும், அறங்காவலர்களுக்குத் திரும்பாது என்ற வரி இருக்க வேண்டும். பத்திர எழுத்தர் பழைய நகலைப் பார்த்து எழுதிக்கொடுத்த பத்திரங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த வரிதான். விட்டுப்போயிருந்தால் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் திருத்தப் பத்திரம் பதிந்துவிட்டு மேலே போங்கள். திருத்தும் அதிகாரமே பத்திரத்தில் இல்லையென்றால் வழக்கறிஞரைப் பார்க்காமல் நகர முடியாது.

அடுத்தது வருமான வரித் துறை. 12ஏபி (பேச்சில் 12ஏ) பதிவு டிரஸ்டின் வருமானத்துக்கு விலக்கு தருகிறது. 80ஜி உங்களுக்குக் கொடுப்பவருக்குச் சலுகை தருகிறது. இரண்டும் தனித்தனி விண்ணப்பம். நீங்கள் ஏற்கெனவே வகுப்பு நடத்துகிறீர்கள், இதுவரை வரிவிலக்கு கோரவும் இல்லை என்றால், மூன்று வருடத் தற்காலிகப் பதிவைத் தாண்டி நேராக வழக்கமான பதிவுக்கே 10ஏபி படிவத்தில் போகலாம். 12ஏபி பதிவின் ஆயுள் ஐந்து வருடம். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடியைத் தாண்டாத அமைப்புகள் ஏற்கெனவே உள்ள பதிவைப் புதுப்பிக்கும்போது 2025 ஏப்ரல் முதல் அது பத்து வருடம். 80ஜி-யின் காலாவதித் தேதி வேறாக இருக்கலாம், தனியாகக் குறித்து வையுங்கள். கேரளத்து விண்ணப்பங்களைக் கொச்சியிலுள்ள விலக்குகள் பிரிவு ஆணையர் பார்ப்பார். வரவு செலவுக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், செயல்பாட்டுக் குறிப்பு, சில பில்கள் கேட்டு நோட்டீஸ் வரும்.

அந்த நோட்டீஸில்தான் பலர் தோற்கிறார்கள். வருமான வரித் தளத்தில் பதிந்த மின்னஞ்சல் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பையனுடையதாக இருக்கும். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். நோட்டீஸ் வந்ததே யாருக்கும் தெரியாது, கெடு முடிந்து விண்ணப்பம் தள்ளுபடி. டிரஸ்டுக்கென்று ஒரு மின்னஞ்சலும் ஒரு கைப்பேசி எண்ணும் வைத்து, இரண்டு அறங்காவலர்களிடம் கடவுச்சொல் இருக்கட்டும்.

பிறகு தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோகின் என்ஜிஓ தர்பண் தளத்தில் பதிவு. கட்டணம் கிடையாது. டிரஸ்டின் பானும் குறைந்தது மூன்று பொறுப்பாளர்களின் விவரமும் வேண்டும். கடைசியாக, சி.எஸ்.ஆர். எண்ணுக்காகக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம். அறங்காவலர் ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டரின் சான்றும் இல்லாமல் அது ஏறாது.

இத்தனையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "அறக்கட்டளை" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பத்திரத்தில் இரண்டு "டி", பான் கார்டில் ஒரு "டி" என்றிருந்தால் தர்பணும் வங்கியும் ஒன்றையொன்று ஏற்காது. பான் கார்டைத் திருத்துவது சுலபம். பத்திரத்தை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுங்கள்.

ஒரு கம்பெனி தான் தொடங்காத வெளி அமைப்பு ஒன்றுக்குக் கொடுப்பதென்றால், அந்த அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதுவரை வருகைப் பதிவேடு, ஆண்டுத் தணிக்கை அறிக்கை, புகைப்படம் எல்லாம் தேதியோடு சேரட்டும்.

பலர் கவனிக்காத ஒரு வழியும் உண்டு. மாலை வகுப்போடு ஒரு வாசகசாலை நடத்தி, கேரள மாநில நூலக கவுன்சிலில் இணைப்புப் பெற்றால் தரத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் மானியம் வரும். தொகை பெரிதல்ல. ஆனால் அரசு சார்ந்த அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் வந்து சரிபார்த்த நூலகம் என்பது அடுத்த விண்ணப்பத்தில் நல்ல சாட்சி. தாலுகா நூலக கவுன்சில் அலுவலகத்தில் கேளுங்கள்.

நகரி வாசகர்: எங்கள் டிரஸ்ட் திருத்தணியில் பதிவானது. வேலை முழுக்க நகரியில், நெசவுக் குடும்பங்களோடு. மாநிலம் மாறுவது தடையா?

வருமான வரிப் பதிவுக்கோ சி.எஸ்.ஆருக்கோ தடையில்லை. பத்திரத்தில் செயல்பாட்டு எல்லை "தமிழ்நாடு மட்டும்" என்றிருந்தால் மட்டும் சிக்கல். "இந்தியா முழுவதும்" என்று திருத்திப் பதியுங்கள். உங்கள் கோப்பு சென்னை ஆணையரிடம் இருக்கும். ஆந்திரத்தில் பதிவான அமைப்புகளுக்கு ஹைதராபாத். வேலை நடக்கும் இடத்தை வைத்து இது மாறாது.

ஆந்திர அரசின் திட்டங்களுக்குப் போகும்போதுதான் அந்த மாநிலப் பதிவு கேட்பார்கள். அதற்காக அவசரப்பட்டு இரண்டாவது டிரஸ்ட் தொடங்காதீர்கள். கணக்கு இரண்டு, தணிக்கை இரண்டு, மூன்று வருட அனுபவமும் மறுபடி முதலிலிருந்து. நகரியில் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு கிளை அலுவலகம், உள்ளூர் வங்கிக் கிளையில் ஒரு கணக்கு. தனியார் மானியத்துக்கு இது போதும்.

சத்தியவேடு வாசகர்: பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி. அத்தனை தொழிற்சாலை இருந்தும் நாங்கள் எழுதிய பதினைந்து கடிதத்துக்கும் பதில் இல்லை. ஏரிக் கால்வாய் தூர்வார உதவி கேட்டிருந்தோம்.

பதினைந்து பேரில் எத்தனை பேருக்குச் சி.எஸ்.ஆர். கடமை இருக்கிறது என்று பார்த்தீர்களா? கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் கடமை. முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டை அது செலவிட வேண்டும். புதிதாக வந்த தொழிற்சாலை பல வருடம் நஷ்டக் கணக்கில் இருக்கலாம். கட்டடத்தின் பிரமாண்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர். தளத்தில் எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில், எந்தத் துறையில் எவ்வளவு செலவிட்டது என்ற பட்டியல் பொதுவில் இருக்கிறது. அதைப் பார்த்து, தண்ணீரிலோ ஊரக வளர்ச்சியிலோ ஏற்கெனவே பணம் போட்ட நான்கைந்து கம்பெனிகளைப் பிடியுங்கள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் சி.எஸ்.ஆர். கொள்கையும் குழு உறுப்பினர் பெயரும் இருக்கும். கடிதம் தொழிற்சாலை வாசலில் கொடுத்தால் மனிதவள அலுவலரின் மேசையோடு நின்றுபோகும். முடிவெடுக்கும் இடம் சென்னையிலோ மும்பையிலோ இருக்கலாம். இரண்டுக்கும் அனுப்புங்கள், ஒன்றில் மற்றதைக் குறிப்பிடுங்கள். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது. உங்கள் ஊர் அவர்கள் வாசலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

நேரமும் முக்கியம். கம்பெனிகளின் கணக்கு வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. ஆண்டுச் செயல்திட்டம் முதல் சில மாதங்களில் முடிவாகிவிடும். பிறகு ஜனவரிக்கு மேல் ஓர் அவசரம் வரும், செலவாகாத தொகையை என்ன செய்வதென்று. நடந்துகொண்டிருக்கும் திட்டம் இல்லாத மீதத்தை நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிட்ட நிதிக்குக் கட்டியாக வேண்டுமே! எனவே மார்ச்சிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். ஜனவரியில் சின்னதாக, உடனே முடியக்கூடிய ஒரு வேலைக்கு இன்னொரு விண்ணப்பம் தயாராக இருக்கட்டும்.

உங்கள் வேலைக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு பொருத்தமும்கூட. உங்கள் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பிப்ரவரியில் பணம் வந்தால் கோடை முழுக்கத் தூர்வாரலாம். இதே விண்ணப்பத்தைப் பாலக்காட்டுச் சித்தூரில் ஒருவர் எழுதினால் ஜூனுக்குள் முடித்தாக வேண்டும். மாதவாரி வேலை அட்டவணையில் மழையைக் குறிக்காத விண்ணப்பத்தைப் படிப்பவர், இவர்களுக்குக் களம் தெரியாது என்று ஒதுக்கிவிடுவார்.

ஏரிக் கால்வாய் என்பதால் ஒரு காகிதம் கட்டாயம். ஏரி உங்களுடையதல்ல. பாசனத் துறை அல்லது ஊராட்சியின் ஆட்சேபமில்லாச் சான்று இல்லாமல் எந்தக் கம்பெனியின் சட்டப் பிரிவும் கையெழுத்திடாது. எடுக்கும் மண் எங்கே போகும் என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள். வண்டலை யார் அள்ளுவது என்ற தகராறில் நின்றுபோகும் வேலைகள் ஏராளம்.

கடிதம் இரண்டு பக்கம் போதும். எந்த ஊர், எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர் பாசனம், கால்வாய் எத்தனை மீட்டர், எவ்வளவு கன மீட்டர் மண், எவ்வளவு பணம், ஊர் என்ன தரும். நிறுவனரின் வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

மறையூர் வாசகி: எங்கள் விண்ணப்பத்தில் "பட்ஜெட் தெளிவில்லை" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். மூன்று படிப்பு மையத்துக்கு மொத்தம் 6 லட்சம் என்று கேட்டிருந்தோம். என்ன தெளிவில்லை?

"ஆசிரியர் சம்பளம் 3 லட்சம், பொருட்கள் 2 லட்சம், இதர செலவு 1 லட்சம்" என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாத வரி எல்லாமே தெளிவில்லாத வரிதான். ஒவ்வொரு வரியும் பெருக்கலாக இருக்க வேண்டும். மூன்று மையம், மையத்துக்கு 25 பிள்ளைகள், பத்து மாதம் என்று வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

ஆசிரியர் 3 பேர், மாதம் 6,000, பத்து மாதம்: 1,80,000. அரைநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மாதம் 9,000, பன்னிரண்டு மாதம்: 1,08,000. பாடப்பொருள் 75 பிள்ளைகளுக்குத் தலைக்கு 600: 45,000. சுண்டல் அல்லது அவல், நாளுக்கு 8 ரூபாய், 200 நாள், 75 பேர்: 1,20,000. இடமும் மின்சாரமும் மையத்துக்கு மாதம் 1,500, பத்து மாதம்: 45,000. ஆசிரியர் பயிற்சி இரண்டு முறை, 6,000 வீதம்: 12,000. தொடக்கத்திலும் முடிவிலும் வாசிப்புத் திறன் சோதனை: 10,000. கணக்கும் தணிக்கையும்: 20,000. கூட்டினால் 5,40,000. நிர்வாகச் செலவு 5 விழுக்காடு: 27,000. ஆக 5,67,000.

ஒரு பிள்ளைக்கு 7,560 ரூபாய். படிப்பவர் முதலில் தேடும் எண் இதுதான், அதை நீங்களே எழுதிவிடுங்கள். ஊராட்சி சமுதாயக் கூடத்தை இலவசமாகத் தந்தால் அந்த 45,000-ஐ அழித்துவிடாமல் "உள்ளூர்ப் பங்களிப்பு" என்று தனிப் பத்தியில் காட்டுங்கள், ஊராட்சியின் கடிதத்தோடு. அப்போது நீங்கள் கேட்கும் தொகை 5,22,000 ஆகும். ஊரும் கை கொடுக்கிறது என்பதற்கு அந்தக் கடிதமே சான்று.

கவனியுங்கள், ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் பன்னிரண்டு மாதம். பிள்ளைகளைச் சேர்க்க முன்னே ஒரு மாதமும் அறிக்கை எழுதப் பின்னே ஒரு மாதமும் வேண்டும். இந்த இரண்டு மாதத்தை விட்டுவிடுபவர்கள் கடைசியில் சொந்தப் பணத்தில் அறிக்கை எழுதுகிறார்கள். பாடப்பொருள் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். "இதர செலவு" என்ற வரியை அடித்துவிடுங்கள்.

நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சில கம்பெனி அலுவலர்கள் விதியைக் காட்டுவார்கள். அந்த 5 விழுக்காடு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. உங்கள் திட்டத்துக்குள் வரும் ஒருங்கிணைப்பாளர் சம்பளமும் தணிக்கைக் கட்டணமும் திட்டச் செலவுதான். பணிவோடு, ஆனால் எழுத்தில் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுத்துவிட்டால் வருடம் முழுக்கச் சம்பளம் வாங்காத ஒருவர் கணக்கு எழுத வேண்டியிருக்கும்.

வண்டிப்பெரியார் வாசகர்: எங்கள் விண்ணப்பங்களைத் தமிழிலேயே கொடுக்கலாமா?

மாநில அரசிடம் கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிகள் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமைகளோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள உள்ளூர் அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதத் தொடர்பு வைக்க இடம் தருகிறது. கம்பெனிகளுக்கும் மத்திய அரசுத் தளங்களுக்கும் ஆங்கிலம்தான் செல்லும். ஊர்க்கூட்டத் தீர்மானம் தமிழில் இருந்தால் அதை அப்படியே வைத்து, பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கத்தை இணையுங்கள். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள் படிவத்தில் ஊர்ப் பெயரோடு மாவட்டம், மாநிலம், பின்கோடு மூன்றையும் எழுதுங்கள். இல்லையென்றால் கோப்பு ஆந்திரத்துக்குப் போய்ச் சேரும்.

பாலக்காட்டுச் சித்தூர் வாசகர்: துபாயில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் அனுப்பத் தயார். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு) இல்லாமல் வாங்கினால் சிக்கல் என்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அனுப்புகிறவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், பூர்வீகம் கொழிஞ்சாம்பாறையே ஆனாலும், பூர்வீக இந்தியர்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படியே.

ஆகவே ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் முதல் பக்க நகலும், "இது என் சொந்தச் சேமிப்பு" என்று ஒரு வரிக் கடிதமும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இந்தியாவிலுள்ள அவர்களின் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) வருவது கணக்குக்குச் சுத்தம். அங்குள்ள ஊர்ச் சங்கத்தின் பெயரில் மொத்தமாக அனுப்ப வேண்டாம். துபாயில் இருக்கும் சங்கம் வெளிநாட்டு அமைப்பு. அதன் உறுப்பினர் அத்தனை பேரும் இந்தியர்களாக இருந்தாலும், இப்படி வந்த பணத்தைச் சொந்தச் சேமிப்பு என்று நிரூபிக்க முடியாது.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவே எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் முக்கிய நோக்கங்களுக்காக 15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரலாம். நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு வரம்பு. இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது. ஆண்டறிக்கை டிசம்பர் 31-க்குள். உங்கள் அளவுக்கு இது தலைவலி. சில வருடம் கழித்து யோசியுங்கள்.

அட்டப்பாடி வாசகர்: பழங்குடி ஊர்களில் வேலை செய்கிறோம். நபார்டு, மத்திய அரசு மானியம் இரண்டில் எது நல்லது?

முதலில் நபார்டு, அதாவது வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி. அதன் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் பாருங்கள். பழங்குடி வளர்ச்சி நிதியில் "வாடி" என்ற பழத்தோட்டத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வரை பழமரம், ஊடுபயிர், மண், நீர்ப் பாதுகாப்பு, நிலமில்லாதவர்களுக்கு வேறு தொழில் என்று பல வருடத் திட்டமாக அது ஓடும். தொண்டு அமைப்பு செயலாக்க முகமையாக இருக்கும். பாசனத்துக்குத் தண்ணீர் இல்லாத சரிவில் மாங்கன்று நட்டுவிட்டு இரண்டாம் கோடையில் பாதியை இழப்பதுதான் இதில் வழக்கமான தோல்வி. கன்று எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படாமல் தண்ணீர்க் கணக்கைக் காட்டுங்கள். நிலம் யார் பெயரில் என்ற சிக்கல் அட்டப்பாடியில் எப்போதும் உண்டு. வன உரிமைப் பட்டா நகல் கையில் இல்லாத குடும்பத்தைப் பட்டியலில் சேர்க்கும் முன் மேலாளரிடம் கேளுங்கள்.

பழங்குடியினர் நல அமைச்சகம் தொண்டு அமைப்புகளுக்குப் பள்ளி, விடுதி, மருந்தகம் நடத்த மானியம் தருகிறது. பொதுவாக 90 விழுக்காடு அமைச்சகம், 10 விழுக்காடு நீங்கள். மாநில அரசின் பரிந்துரை வழியாகத்தான் போகும். எழுத்தில் பார்த்தால் தாராளம். ஆனால் தவணை தாமதமாகும். அதுவரை விடுதியில் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே. ஆறு மாதச் செலவைச் சொந்தமாகத் தாங்க முடியாத அமைப்பு இதில் இறங்கினால் கடன்தான்.

அரசு மானியத்தில் இன்னும் மூன்று விஷயம். வங்கியில் கிடக்கும் மானியத்துக்கு வரும் வட்டி உங்களுடையதல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். மானியத்தில் வாங்கிய பொருளை அனுமதியில்லாமல் விற்கக்கூடாது, அதற்குத் தனிச் சொத்துப் பதிவேடு வேண்டும். நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் 12-ஏ படிவத்தில் (மேலே சொன்ன வரிப் பதிவு 12ஏ அல்ல, அரசின் பொது நிதி விதிகளில் உள்ள படிவம்) பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். அது நிலுவையில் இருந்தால் அடுத்த தவணைக்குக் கதவு அடைப்பு.

ஆந்திரச் சித்தூர் வாசகர்: ஒருவர் 50 லட்சம் சி.எஸ்.ஆர். நிதி வாங்கித் தருவதாகச் சொல்லி, முன்பணம் 1 லட்சமும் பிறகு 10 விழுக்காடும் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். முன்பணம் கேட்டாலே பேச்சை முடித்துவிடுங்கள். கம்பெனிகள் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. 2025 தொடக்கத்தில் கேரளம் முழுக்கப் பேசப்பட்ட பாதி விலை ஸ்கூட்டர் மோசடியும் இதே சொல்லை வைத்துத்தான் நடந்தது. பாதியை நீங்கள் கட்டுங்கள், மீதியைச் சி.எஸ்.ஆர். நிதி தரும் என்று சொல்லி உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் வழியாகவே பெண்களிடம் வசூலித்தார்கள். ஊரில் முகம் காட்டி வசூலித்தவர்கள்தான் பிறகு மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

காசோலையாக 10 லட்சம் தருகிறோம், 4 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு உடன்பட்டால் பதிவு ரத்தாவதோடு நிற்காது, அறங்காவலர்கள் மேல் வழக்கும் வரும்.

குப்பம் வாசகி: நாங்கள் 14 பெண்கள் குழுவாக இருக்கிறோம். எங்களுக்கு மானியம் கிடைக்குமா?

சுயஉதவிக் குழு என்பது டிரஸ்டோ சங்கமோ அல்ல, அதனால் கம்பெனி நேராகத் தராது. ஊரிலுள்ள சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பான கிராம சங்கத்தின் வழியாகச் சுழல்நிதியும் வங்கிக் கடனும் கேளுங்கள். 10 லட்சம் வரை குழுக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக்கூடாது. மானியத்துக்காகவே ஒரு டிரஸ்ட் பதிவு செய்யாதீர்கள். (கேரளத்தில் இதே கேள்விக்கு இடம், மாநில அரசின் பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீ.)

கொல்லங்கோடு வாசகர்: முதல் தவணை வந்தது. ஆறு மாதம் ஆகியும் இரண்டாம் தவணை வரவில்லை. அறிக்கையெல்லாம் அனுப்பிவிட்டோம். 75 பிள்ளைகளுக்கு ஒப்பந்தம், இப்போது 61 பேர் வருகிறார்கள்.

காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையில் 75 என்று எழுதினீர்களா, 61 என்றா? 75 என்று எழுதி, இணைத்த வருகைப் பதிவேட்டு நகலில் 61 பெயர் இருந்தால் சரிபார்ப்பவர் அங்கேயே பேனாவை வைத்துவிடுவார். குறைந்ததற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை, மறைத்தால்தான் சந்தேகம்.

பில்களையும் ஒருமுறை பாருங்கள். பில் டிரஸ்ட் பெயரில் இருக்கிறதா, ஒருங்கிணைப்பாளர் பெயரிலா? ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய பில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா? 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கினீர்களா? ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் அது தருமச் செலவாகவே எண்ணப்படாது. மானியத்துக்குத் தனிப் பேரேடு இல்லாமல் டிரஸ்டின் பொதுச் செலவோடு கலந்திருந்தால் அதைப் பிரித்து எழுதுங்கள், இரண்டு நாள் வேலை.

பிறகு ஒரு பக்கக் கடிதம். 14 பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் எழுதுங்கள்: செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போனது, பள்ளி மாறியது, எதுவானாலும். அந்த இடங்களில் புதிய பிள்ளைகளைச் சேர்க்க அனுமதி கேளுங்கள். சிற்றுண்டிக்கு நாளுக்கு 8 ரூபாய் என்றால் 14 பேருக்கு நூறு நாளில் 11,200 ரூபாய் மீதம். பெஞ்சு வாங்கலாம், மின்விசிறி மாட்டலாம் என்று தோன்றும். ஒரு செலவுத் தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற ஒப்பந்தத்தில் என்ன வரம்பு எழுதியிருக்கிறது என்று பார்த்து, எழுத்தில் பதில் வரும்வரை அந்தப் பணம் கணக்கிலேயே இருக்கட்டும்.